முதுகில் தைத்த பெயர்கள்

நான் காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிறவள். கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் இருபது வருடமாக, கையெழுத்து வைக்க முதல் சின்ன எழுத்தையும் வாசியுங்கள் என்று வருகிற சனத்துக்கெல்லாம் தொண்டை வறளச் சொல்லி வருகிறேன். அப்படிப்பட்ட நான், ஒரு துண்டுக் கடதாசிகூட வாங்காமல், அறுபது ஜேர்சிகளின் முதுகில் ஒரு துணிக்கடையின் பெயரை அச்சடிக்கக் கொடுத்தேன். ஊருக்குத்தானே உபதேசம்.

பள்ளிக்கூடக் காலத்தில் கரப்பந்து விளையாடிவிட்டு, கல்யாணத்தோடு அதை மூட்டை கட்டி வைத்த பெண்கள் கொழும்பில் எத்தனையோ பேர். நான் ஒருத்தி. என் சினேகிதி இன்னொருத்தி. அவள் கொட்டாஞ்சேனைக்காரி, கொச்சிக்கடையில் கப்பல் சாமான் அனுப்பும் கந்தோரில் கிளார்க். நாட்டில் தட்டுப்பாடு தீர்ந்து பெற்றோல் வரிசைகள் ஓய்ந்த பிறகு நாங்கள் இருவரும் முப்பது வயது தாண்டிய பெண்களுக்கென்று ஒரு கரப்பந்து லீக் தொடங்கினோம். வெள்ளவத்தையில் மூன்று அணி, கொட்டாஞ்சேனையில் மூன்று அணி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பூசையும் கோயிலும் முடிந்து, வீட்டில் எல்லாருக்கும் சோறு போட்டுச் சட்டி பானையும் கழுவிய பிறகுதான் ஆட்டம்.

லீக்கில் சேரும் காசை மிகவும் குறைத்து வைத்தோம். ஒரு பெண் புருஷனிடம் கேட்காமல், மீன் வாங்கும் காசில் மிச்சம் பிடித்துக் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. அந்தக் கணக்கு இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். பிழைத்தது மற்றக் கணக்கு. திடல் வாடகை, நடுவர்களின் சம்பளம், அவர்களின் பஸ் காசு, தேத்தண்ணி, கிழிந்த வலை, காற்றுப் போன பந்து என்று ஒவ்வொரு ஞாயிறும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

அதனால்தான் வெள்ளவத்தைத் துணிக்கடை முதலாளியிடம் போனோம். என் கல்யாணச் சேலையே அவர் கடையில் எடுத்ததுதான். ஜேர்சியின் முதுகில் அவர் கடைப் பெயரைப் போடுகிறோம், ஜேர்சிக்கும் லீக்குக்கும் காசு தாருங்கள் என்று கேட்டோம். கதையைக் கேட்டார், பிளேன்டீ வரவழைத்தார். "நீங்கள் அடிச்சுப் போடுங்கோ தங்கச்சி, காசு நான் தாறன்" என்றார். எங்கள் பக்கத்து யாவாரத்தில் அதுதான் கையெழுத்து. அதற்கு மேல் கடிதம் கேட்டால் கன்னத்தில் அறைந்த மாதிரி. வெளியே வந்ததும் சினேகிதி, ஒரு லெட்டர் வாங்கியிருக்கலாமே என்றாள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா என்று காலி வீதியில் வைத்தே பாய்ந்தேன். அவள் தனக்குத் தெரிந்த அச்சகத்தில் எங்கள் இருவரின் பொறுப்பில் கடன் சொல்லி, அறுபது ஜேர்சிகளையும் அடித்தெடுத்து வந்தாள். முதுகை அடைத்துக்கொண்டு கடையின் பெயர்.

மூன்று ஞாயிறு முடிய, முதலாளி கையை விரித்தார். யாவாரம் படுத்துவிட்டதாம், அடுத்த முறை பார்ப்போமாம். யாவாரம் படுத்தது பொய்யில்லை, கடையில் பாதி மின்விளக்கு அணைத்திருந்ததை நானே பார்த்தேன். அதற்காக விட்டேனா? சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சேலையை விட்டுவிட்டு என்னைப் பார்க்கும் அளவுக்குச் சண்டை பிடித்துவிட்டுத்தான் வந்தேன். வீட்டில் மனுசன் தன் பங்குக்கு, ஆழம் தெரியாமல் காலை விட்டால் இப்படித்தான், வெறுங்கை முழம் போடுமோ என்று இரண்டு பழமொழியையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு, எப்போதும் தன் ஸ்கூட்டரில் வருகிற சினேகிதி திடலுக்கு பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஸ்கூட்டர் எங்கே என்று கேட்டேன். வித்துட்டேன் என்றாள், ஏதோ பழைய பேப்பர் விற்றது போல. அந்தக் காசில் இறுதி ஆட்டம் வரைக்கும் திடல் வாடகையும் நடுவர் சம்பளமும் கட்டியாயிற்று. எனக்கு அன்று அழுகையும் வந்தது, அவளைப் போல ஒருத்தி எனக்கு வாய்த்தாள் என்ற பெருமையும் வந்தது. மிச்சமிருந்தது ஜேர்சிக் கடன். என் இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமம். பாதி என் தலையில், பாதி அவள் தலையில்.

அந்த முதலாளியின் பெயரை ஓசியில் சுமக்க நாங்கள் என்ன கழுதைகளா என்று நான் குதித்தேன். அப்படிச் சொன்ன கையோடு வீட்டிலிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு இரண்டை அறுபது துண்டாக வெட்டினேன். அரையிறுதிக்கு முதல், திடலின் சீமெந்துப் படியில் குந்தியிருந்து எல்லாரும் கடைப் பெயரின் மேல் துண்டு வைத்துத் தைத்தார்கள். வெறும் வெள்ளையாகவே விடுவதுதான் திட்டம். கொட்டாஞ்சேனை அணியில் ஒருத்தி இருந்தாள். மூன்று பிள்ளைகளின் தாய், துறைமுகப் பக்கத்துப் பண்டசாலையில் வேலை. அவள்தான் ஒரு மார்க்கர் பேனா வாங்கி, துண்டில் தன் பெயரைப் பெரிதாக எழுதினாள். பேனா அப்படியே படி படியாகக் கைமாறியது.

இதில் என்ன பெரிய விசயம் என்று கேட்பீர்கள். எங்களை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? இன்னாரின் அம்மா, இன்னாரின் பெண்சாதி, நாலாம் மாடி அன்ரி. என் மனுசன் இருபத்திரண்டு வருடமாக என்னை "இஞ்சாரும்" என்றுதான் கூப்பிடுகிறார். அரையிறுதியில் சனம் முதுகைப் பார்த்துப் பெயரை வாசித்துக் கத்தியது. அவரும் கத்தினார், என் பெயரைச் சொல்லி. நான் அடித்த பந்து வெளியே போனபோது அதே பெயரைச் சொல்லித் திட்டினார். இரண்டும் எனக்கு இனித்தது.

எங்கள் அணி அதோடு தோற்றது. இறுதி ஆட்டம் கொட்டாஞ்சேனை அணிகள் இரண்டுக்கு இடையில். பத்திரிகையிலிருந்து படம் எடுக்க ஆள் வருகிறது என்று கதை பரவி, படியெல்லாம் சனம். ஆட்டம் தொடங்க அரை மணித்தியாலம் இருக்க, துணிக்கடை முதலாளி வந்தார். கையில் தடித்த என்வலப்.

முழுக் காசும் இருக்கிறது, எண்ணிப் பாருங்கள் என்றார். வெட்கப்பட்டுத்தான் சொன்னார், அதையும் சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்று, படம் எடுக்க முதல் அந்தத் துண்டுகளைக் கழற்றிவிட வேண்டும். நியாயமான கேள்விதான். அவர் காசு, அவர் பெயர். கைத்தையல் பிரிக்கப் பத்து நிமிடம் போதும். கடன் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

என்வலப் என் கையில் இருந்தது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பண்டசாலைப் பெண், கையைத் தோளுக்கு மேலால் வளைத்துத் தன் முதுகுத் துண்டின் விளிம்பைத் தொட்டாள்.

"அக்கா, இப்ப இத பிரிக்கணுமா?"

சத்தம் போடவில்லை. பிரி என்றால் பிரித்திருப்பாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் என்வலப்பை முதலாளியின் கையில் திருப்பி வைத்தேன்.

"அண்ணை, அந்த இடத்தில இப்ப ஆக்கள் இருக்கினம்."

அவர் என்வலப்பைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு போகாமல் படியில் ஏறி இருந்து முழு ஆட்டத்தையும் பார்த்தார். ஆட்டம் ஐந்தாவது செட் வரைக்கும் போனது. பண்டசாலைப் பெண்ணின் அணி தோற்றது. பத்திரிகைக்காரர் ஜெயித்த அணியைத்தான் எடுக்க வந்தவர். பிறகு அவராகவே எல்லாரையும் திரும்பி நிற்கச் சொல்லி முதுகுகளை எடுத்தார். என் வாழ்க்கையில் அப்படி நெஞ்சு நிமிர்ந்து நின்ற நாள் வேறில்லை.

சனம் கலைந்த பிறகு, நானும் சினேகிதியும் வலையை மடித்தோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. என்வலப் கதையை யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். முதலாளி வந்த நேரம் நடுவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திடலின் அந்தப் பக்கம் நின்றவள் அவள். வந்த பெருமையில் நான் எல்லாவற்றையும் திரும்பவும் விவரித்தேன், அவள் சிரிப்பாள் என்று பார்த்துக்கொண்டு. அவள் சிரிக்கவில்லை.

"பாதிக் கடன் என்னோடது" என்றாள். "ஸ்கூட்டர் என்னோடது. அந்தச் சல்லிய திருப்பிக் குடுக்க முந்தி என்னய ஒரு வார்த்த கேட்டியா?"

நான் அவளைத் தேடிக்கூடப் பார்க்கவில்லை. கடிதம் வாங்காதது நான், பாய்ந்தது நான், திருப்பிக் கொடுத்ததும் நான். மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள் கேட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது. அவள் வலையின் கடைசி மடிப்பை மடித்து என் கையில் தந்தாள்.

"கேட்டிருந்தா நானும் அதத்தான்டி சொல்லியிருப்பேன். ஆனா நீ கேட்டிருக்கணும்."

ஜேர்சிக் கடன் தீரப் பதினாலு மாதம் சென்றது. அவள் அவ்வளவு நாளும் பஸ்ஸில்தான் போனாள். இந்த வருடம் எங்கள் லீக்கில் எட்டு அணிகள். ஜேர்சியின் முதுகில் அவரவர் பெயரை இப்போது அச்சிலேயே அடிக்கிறோம். லீக்கின் காசு ஒரு ரூபாய் போவதென்றாலும், வருவதென்றாலும், வந்ததைத் திருப்பிக் கொடுப்பதென்றாலும், கடிதத்தில் இரண்டு கையெழுத்து இருக்க வேண்டும். அவள் வைத்த பிறகுதான் நான் வைக்கிறேன்.