கோவிந்தம்மாள் கொட்டகையில் ஒரு குதிரைப் படம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கேபிள்காரர் புதிதாக இணைத்துக் கொடுத்த இங்கிலீஷ் சானலில் முகமூடி போட்ட ஒருவன் குதிரைமேல் உட்கார்ந்து ஒரு கோச்சு வண்டியை மறித்துத் துப்பாக்கியை நீட்டினான். வண்டியிலிருந்து இறங்கிய சீமாட்டி பயந்ததாகத் தெரியவில்லை. நகைகளை மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிடப் போகிறானே என்றுதான் கவலைப்பட்டாள். "இந்த வயசுல இதெல்லாம் பாக்கணுமா?" என்று கேட்டபடியே என் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. படத்தைக் குறை சொல்ல முடியாது. வண்டி நின்ற அந்த நொடியில் மூக்கில் ஏறியது பழைய புரொஜக்டரில் கார்பன் குச்சி எரியும் வாசனை. அதன் பின்னாலேயே தண்ணீர் தெளித்த மணல், பீடிப் புகை, மூங்கில் தட்டி. இவை எல்லாம் சேர்ந்தால் எனக்குக் கோவிந்தம்மாள்தான்.

திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் பார்க்கும் குடும்பத்தில் பிறந்து, இங்கிலீஷ் இலக்கியத்தில் பி.ஏ. வாங்கி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் எழுபதுகளில் நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்னத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று பார்க்கிற வேலைக்கு நாடகங்களும் காவியங்களும் எந்த அளவுக்கு உதவும் என்பது உங்களுக்கே தெரியும். என் படிப்பை மதித்த ஒரே ஜீவன், ஸ்டேஷனுக்கு வடக்கே வயல் ஓரத்தில் டூரிங் கொட்டகை நடத்திய கோவிந்தம்மாள். புருஷன் போன பிறகு தனியாக நடத்திக்கொண்டிருந்தாள். என்னை "அய்யரே" என்பாள். நான் அய்யர் இல்லை, அய்யங்கார் என்று முதல் மாதம் விளக்கினேன். "ரெண்டும் ஒண்ணுதான, உடு அய்யரே" என்றாள். எங்கள் தாத்தாவின் காதில் அது விழாதது என் பாக்கியம்.

அவள் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. இங்கிலீஷ் படம் போட்டால், படம் ஓடும்போதே ஒருவர் மைக்கில் கதையைத் தமிழில் சொல்ல வேண்டும். முன்பு ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னாராம். அவர் மாற்றலாகிப் போனதும் அந்தப் பதவி எனக்கு வந்தது. சம்பளம் ஒரு மடக்கு நாற்காலி, ஒரு சோடா. வெறும் சண்டைப் படங்கள்தானே, "இதோ வருகிறான், குத்துகிறான், விழுகிறான்" என்றால் போதும். இரண்டு வாரத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

அந்த வருஷம் கொட்டகை லைசன்ஸ் முடிகிற நேரம். புதுப்பிக்கத் தாசில்தார் ரிப்போர்ட் எழுத வேண்டும். தாசில்தார் புதியவர், கண்டிப்பானவர். பக்கத்து ஊரில் ஒரு கொட்டகையை, கூட்டம் ஒழுங்கீனமாக இருக்கிறது என்று ஒரே பக்கத்தில் எழுதிப் பிரிக்க வைத்துவிட்டார் என்று பேச்சு. அவர் ஞாயிறு மாலை முதல் ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கோவிந்தம்மாள் யோசித்தாள். காதல் படம் வேண்டாம், கட்சிப் படம் வேண்டவே வேண்டாம். குதிரைப் படம் என்றால் யாருக்கும் மனஸ்தாபம் வராது. மெட்ராஸிலிருந்து ஏஜெண்ட் ஒரு பெட்டி அனுப்பினான். போஸ்டரில் குதிரை, முகமூடி, இரட்டைத் துப்பாக்கி. தமிழில் 'வீரக் கள்வன்' மாதிரி ஒரு பெயர் ஒட்டியிருந்தது. அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

தாசில்தார், மனைவி, மாமியார் மூவரும் வந்தார்கள். பெண்கள் இருவரும், பெண்கள் பகுதியைப் பிரிக்கும் மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் முதல் வரிசையில்; தாசில்தார் எனக்கு நாலு முழம் தள்ளி நாற்காலியில். முன்னால் மணலில் ஆரம்பாக்கத்திலிருந்தும் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்தும் வந்த ஆட்கள். விளக்கை அணைத்தார்கள். சென்சார் சர்ட்டிபிகேட் திரையில் வந்தது. அதில் வட்டத்துக்குள் பெரியதாக ஓர் 'ஏ'.

அதைக் கவனித்தவர்கள் மூன்று பேர்: நான், ஆபரேட்டர் சாலமன், தாசில்தார். அவர் தலை என் பக்கம் லேசாகத் திரும்பியது.

சென்சார்காரர்கள் நன்றாகவே வெட்டியிருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வெட்டிய இடத்துக்கு முன்னால் இருந்த முகமும் பின்னால் இருந்த முகமும் அப்படியே இருந்தன. நடுவில் இருந்ததைவிட அது மோசம். கள்வன் வண்டியை மறித்தான். சீமாட்டி இறங்கினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மணலில் யாரோ சீட்டியடித்தான். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தொண்டைச் செருமல். ஏதாவது சொல்லியாக வேண்டும். ஆயுளில் பார்த்த தமிழ்ப் படங்கள் அத்தனையும் சேர்ந்து என் வாயில் வந்து விழுந்தன.

"இவள் யார் தெரிகிறதா? சிறு வயதில் ஆற்று வெள்ளத்தில் பிரிந்துபோன அவனுடைய தங்கை!"

தட்டிக்கு அந்தப் பக்கம் "ச்சு, ச்சு" என்று இரக்கம் எழுந்தது. சீட்டி நின்றுவிட்டது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

எங்களிடம் ஒரே புரொஜக்டர். ஒவ்வொரு ரீலுக்கும் விளக்கைப் போட்டு மாற்ற வேண்டும். முதல் ரீல் முடிந்ததும் சாலமன் கூண்டிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டான். பக்கத்தில் கோவிந்தம்மாள்.

"இன்னா சார், தங்கச்சின்னுட்டீங்க?" என்றான் சாலமன்.

"ஏன்?"

"மெட்ராஸ்ல மார்னிங் ஷோ பாத்துகீறேன் சார் இத. பேரு வேறயா இருந்துச்சா, இப்பத்தான் புரிஞ்சுது. கடசி ரீல்ல ரெண்டு பேரும் முத்தம் குடுத்துக்கினே வண்டி ஏறிப் போறாங்க. சின்ன முத்தம் இல்ல சார்."

"அந்த ரீலப் போடாத" என்றாள் கோவிந்தம்மாள்.

"போடலன்னா கொட்டாய கொளுத்திடுவானுங்க அக்கா."

"லென்சுல கைய வையி."

"வெச்சா இன்னும் பேஜாரு. இல்லாததெல்லாம் நெனச்சிக்குவானுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அய்யரே, இந்தத் தகரமும் மிசினும் தவிர எனக்கு ஒண்ணும் இல்ல. நீதான் அண்ணன் தங்கச்சியா சேத்து வெச்ச. நீயே பிரி" என்றாள்.

பிரிப்பதற்குள் வேறு சிக்கல் வந்தது. படத்தில் மாஜிஸ்ட்ரேட் ஒருவர். பஞ்சு மாதிரி விக் வைத்துக்கொண்டு, ஊரையே அடக்கி, லஞ்சம் வாங்கி, சத்திரத்தில் வேலைசெய்யும் பெண்களைத் துரத்தி, கால்சராய் அவிழ்ந்து ஒரு பீப்பாய்க்குள் ஒளிந்துகொள்கிறார். இரண்டு ரீலுக்கு அவர்தான். பக்கத்தில், பதவியால் தானும் ஒரு மாஜிஸ்ட்ரேட்டான தாசில்தார் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. மாஜிஸ்ட்ரேட்டைக் கந்துவட்டிக்காரர் ஆக்கினேன். சத்திரத்தைத் தர்ம ஆஸ்பத்திரி ஆக்கினேன். அந்தப் பெண்கள் நர்ஸுகள்.

"யோவ், நர்ஸுன்ற, ஒருத்திகூட மருந்து குடுக்கலியே?" என்றது மணலிலிருந்து ஒரு குரல்.

"டாக்டர் லீவு" என்றேன்.

அடுத்த ரீலில் கந்துவட்டிக்காரர் உயரமான மேஜையில் உட்கார்ந்து கள்வனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்.

"வட்டிக்காரன் எப்டிபா தூக்குல போடுவான்?"

"அந்த ஊரில் அப்படித்தான்."

"இங்க மட்டும் இன்னா வாழுதாம்" என்று இன்னொரு குரல். மணல் முழுக்கச் சிரித்தது. நான் தாசில்தாரைப் பார்க்காமல் இருப்பதற்காக சோடா பாட்டிலின் கோலிக்குண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி ரீலுக்கு முந்தைய இடைவேளையில் அவரே என்னைக் கூப்பிட்டார்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.ஏ. சார். இங்கிலீஷ் லிட்ரேச்சர்."

"காலேஜ்ல இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்களா?"

நான் சோடா பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"எங்க மாமியார் அந்தத் தங்கச்சியை நெனச்சு ரெண்டு ரீலா அழுதுகிட்டு இருக்காங்க" என்றார் தாசில்தார். "நான் முடிவைப் பாத்துட்டுத்தான் போகப் போறேன்." முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. கோப்பு பார்க்கிற முகம்.

விளக்கு அணைந்தது. தூக்குமேடை, கயிறு, குதிரைகள், தப்பித்தல். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தேன். மலையடிவாரத்தில் வண்டி காத்திருந்தது. சீமாட்டி ஓடிவந்தாள். கள்வன் முகமூடியைக் கழற்றினான். இருவருக்கும் நடுவில் ஒரு புல்வெளி மட்டும் பாக்கி. நான் பேச்சை நிறுத்தியிருந்தேன். மைக் மட்டும் உய்யென்று இரைந்தது. கோவிந்தம்மாள் தட்டி ஓரத்தில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது தாசில்தாரின் முகத்தை.

புல்வெளி பாதி ஆனது. மணலில் ஒருவன், "இன்னாபா இது, தங்கச்சிய போயி இப்டி பாக்கறான்?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. முறை தவறினால் எங்கள் ஜனம் சிரிக்காது. எழுந்து நாற்காலியைத் தூக்கும். பின்வரிசையில் ஒரு பெஞ்சு நகர்ந்த சத்தம் கேட்டது.

அப்போது தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அழுது கரகரத்த ஒரு வயதான குரல் தன் மகளிடம் சொன்னது, கொட்டகைக்கே கேட்கும்படி:

"தங்கச்சியா இருக்காதுடீ. வெள்ளத்துல போன கொழந்தை யாரோடதுன்னு யாரு கண்டா? அத்தை பொண்ணா இருக்கும். தங்கச்சின்னு சொல்லி வளத்திருப்பாங்க."

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "அம்மா சொல்வதுதான் சரி! இந்த நிமிஷம்தான் வளர்த்த கிழவர் உண்மையைச் சொல்லிவிட்டார். இவள் தங்கை இல்லை, சொந்த அத்தை மகள்!"

திரையில் அந்த நிமிஷம் கிழவர் யாரும் இல்லை. ஒரு குதிரைதான் இருந்தது. யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

முத்தம் வந்தது. சாலமன் சொன்னது பொய்யில்லை, சின்ன முத்தம் இல்லை. மணலில் சீட்டி பறந்தது. பெண்கள் பக்கம் யாரோ, "மொறப் பொண்ணுதான, உடு" என்றாள். தாசில்தார் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகையா, வேறு ஏதாவதா என்று அந்த இருட்டில் சொல்ல முடியாது.

போகும்போது மாமியார் வாசலில் நின்று கோவிந்தம்மாளிடம் ஒரே ஒரு குறை சொன்னார்: "கல்யாணத்தைக் காட்டவே இல்லியே?"

"இருந்துச்சும்மா" என்றாள் கோவிந்தம்மாள், கண்ணைக்கூட இமைக்காமல். "சென்சார்ல வெட்டிட்டாங்க."

ரிப்போர்ட் சாதகமாகவே வந்தது. கூட்டம் ஒழுங்காக இருந்தது, படம் குடும்பத்தோடு பார்க்கத் தக்கது என்று தாசில்தார் எழுதியிருந்ததாகக் கேள்வி. லைசன்ஸ் இன்னொரு வருஷத்துக்கு நீண்டது. கோவிந்தம்மாள் அதைக் கண்ணாடி போட்டு டிக்கெட் கூண்டில் மாட்டினாள்.

அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே வயலில் எல்லைக் கல் நட ஆரம்பித்தார்கள். தொழிற்பேட்டை வருகிறது என்றார்கள். கொட்டகை நின்ற நிலத்துக்காரரும் விற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். லைசன்ஸில் என்ன இடம் எழுதியிருக்கிறதோ அந்த இடத்தில்தான் கொட்டகை போட முடியும். அந்த இடத்தில் இப்போது அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எந்த அதிகாரியும் அவளை மூடச் சொல்லவில்லை. யாரிடம் போய்க் கெஞ்சுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. மிசினைச் சாலமனுக்குக் கொடுத்துவிட்டு, சூளூர்ப்பேட்டையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள். தகரங்களைக் காண்ட்ராக்டர் வாங்கிக்கொண்டான்.

அங்கே வந்த தொழிற்சாலைக்கு முதல் வேலி அந்தத் தகரங்கள்தான். நான் ரயிலில் போகும்போதெல்லாம் பார்ப்பேன். அதில் ஒன்றில், சிவப்புப் பெயிண்டில் 'பெண்கள்' என்று எழுதி ஓர் அம்புக்குறி, தொழிற்சாலையின் கரிக் குவியலைக் காட்டிக்கொண்டிருந்தது. சில வருஷம் இருந்தது. பிறகு காம்பவுண்டுச் சுவர் எழுப்பிவிட்டார்கள்.