செயின் இல்லாத வண்டியும் மண்ணெண்ணெய்த் துணியும்

1. குட்டியானையில் வந்த வண்டி

அந்தோணிசாமி அண்ணனின் வண்டி இரண்டாவது முறையாகக் குட்டியானை மினி லாரியில் ஏறி எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. டிரைவர் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஃப்யூஸ் கேரியர் பெட்டி. கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் நின்றுபோன வண்டியை நான்கு பேர் பிடித்து ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அவர் சத்தம் போடுவார் என்று நானும் மனதுக்குள் தயாராகத்தான் நின்றேன். அவர் பெட்டியைப் பத்திரமாகக் கீழே இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரேஸ் குடுத்தா சத்தம் வருது மாணிக்கம். வண்டி நவுரல. போன தபா மாதிரியேதான் இருக்குது."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஏனென்றால் அந்த வண்டியை அவர் தலையில் கட்டியவன் நான்தான்.

இருபத்தாறு வருஷமாக டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன். ஸ்பேனர் பிடித்து ஆரம்பித்து, இப்போது கம்பெனி டீலர் ஒருவரிடம் சர்வீஸ் இன்சார்ஜ். வாரண்டி கிளைம் எழுதுவதும் என் வேலை. விருத்தாசலத்தில் மெக்கானிக் வேலை பார்ப்பவனுக்கு முதல் எதிரி களிமண் தூள். பீங்கான் பொருள் செய்யும் செராமிக் எஸ்டேட் பக்கம் தினமும் போய்வரும் வண்டி எதுவாக இருந்தாலும், வெள்ளை மாவு பூசியதுபோல்தான் எங்களிடம் வரும். அந்தத் தூள் செயினில் ஒட்டி, ஆயிலோடு குழைந்து, பல்சக்கரத்தையும் செயினையும் அரம்போல் அரைத்துவிடும். வேறு ஊரில் நெடுநாள் உழைக்கும் செயின் செட், இங்கே பாதி ஆயுசில் போய்ச் சேரும்.

அந்தோணி அண்ணன் எஸ்டேட்டில் ஒரு ஷெட் வைத்து, மின்சார ஃப்யூஸ் மாட்டும் பீங்கான் கேரியர் செய்கிறார். ஐந்து பெண்கள் அவரிடம் வேலை பார்க்கிறார்கள். சரக்கைக் கடைகளுக்குக் கொண்டுபோவது அவரேதான். திங்கள் மங்கலம்பேட்டை, புதன் கருவேப்பிலங்குறிச்சி, வெள்ளி சேத்தியாத்தோப்பு. அதற்கு லைன் என்று பெயர். லைனில் இரண்டு வாரம் ஆளைக் காணவில்லை என்றால் மூன்றாவது வாரம் எலெக்ட்ரிகல் கடை அலமாரியில் வேறொருவன் சரக்கு உட்கார்ந்திருக்கும். பீங்கான் சரக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி இறங்கவும் முடியாது. வண்டி நின்றால் லைன் போகும், லைன் போனால் ஷெட்டும் போகும்.

செயின் மாற்றி மாற்றிச் சலித்துப்போன அவரிடம் நான்தான் சொன்னேன், செயினே இல்லாத வண்டி ஒன்று வந்திருக்கிறது என்று. எஞ்சினிலிருந்து ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டு கிளம்பி மூடிய குழாய்க்குள்ளேயே பின்சக்கரம் வரைக்கும் போகும். அங்கே சக்கரத்தின் நடுவில் இருக்கும் பல்வரிசை, ஷாஃப்ட்டின் கியர் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பல்வரிசையை ஸ்ப்ளைன் என்போம். தூள் புக வழியே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்றேன். அவரும் அப்படியே வாங்கினார்.

முதல் தடவை ஸ்ப்ளைன் பல் மழுங்கியபோது கம்பெனி பேசாமல் புதுப் பார்ட் அனுப்பியது. இரண்டாவது தடவைதான் வம்பு வந்தது.

2. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் ஸ்ப்ளைனில் பல் இருந்த இடத்தில் மொட்டை. சுற்றிலும் செங்கல் பொடிபோலத் துரு. போட்டோ எடுத்து, ஃபார்ம் நிரப்பி, கம்பெனி போர்ட்டலில் ஏற்றினேன். நான்காம் நாள் பதில் வந்தது. ரிஜெக்டட். காரணம்: லூப்ரிகேஷன், அதாவது கிரீஸ், இல்லை; கஸ்டமர் கவனக்குறைவு.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மறுபடி அனுப்பினேன். மறுபடியும் அதே பதில். வாரண்டி செக்‌ஷனுக்குப் போன் போட்டால் வீணை வாசித்தார்கள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் அரைமணி நேரம் சொன்னது. முக்கியமானவனை இப்படியா காக்க வைப்பார்கள்? மூன்றாவது பதிலில் ஒரு வரி கூட்டி எழுதியிருந்தார்கள். இந்தப் புகார் வேறு எந்த டீலரிடமிருந்தும் வரவில்லை என்று. எங்களைப் பொய்யர்கள் என்று நாசூக்காகச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்த வரியில் உண்மை இருக்கலாம் என்று அப்போது தோன்றவே இல்லை.

பதிலை அண்ணனுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். கவனக்குறைவு என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"நான் இன்னா கவனக்குறைவா இருந்தேன்? ஒரு சர்வீஸு தப்புனது உண்டா?"

இல்லை. தேதி தவறாமல் வருகிறவர் அவர்தான். வாங்கித் தராமல் விடமாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். அதுவரை லைனுக்கு ஓட்ட என் சொந்த வண்டியின் சாவியைக் கொடுத்தேன். அது செயின் வண்டி. ஒரு வெள்ளிக்கிழமை சேத்தியாத்தோப்புக்குப் போகும் வழியில் அதன் செயின் அறுந்து, அவர் போய்ச் சேரத் தாமதமாகி, அங்கே ஒரு பெரிய கடைக்காரர் வேறு ஆளிடம் சரக்கு எடுத்துவிட்டார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஷெட்டில் வேலை செய்யும் அக்கா ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

3. சர்வீஸுக்கு வராத பாய்

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் விற்ற ஷாஃப்ட் வண்டிகள் மொத்தமே இரண்டு. இன்னொன்று மங்கலம்பேட்டை ஜாபர் பாயுடையது. வளைகுடாவிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் சிதம்பரம், பாண்டிச்சேரி என்று ஓட்டித் தள்ளுவார். சர்வீஸுக்கு மட்டும் வரமாட்டார். போன் செய்தால் வண்டி சூப்பரா ஓடுதுங்க என்பார். அந்த வண்டியின் பல்லும் பாதி தேய்ந்திருக்கும், அதைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்காரன் முகத்தில் எறியலாம் என்று கிளம்பினேன். மெக்கானிக் கலியபெருமாளையும் கூட்டிக்கொண்டேன். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வேலை சுத்தமான ஆள் அவன். பதினைந்து வருஷமாக என்னோடு இருக்கிறான்.

ஜாபர் பாய் லீவில் இருந்தார். டீ கொடுத்தார். வீட்டு வாசலிலேயே பின்சக்கரத்தைக் கழற்றினோம்.

பல் புதுசாக இருந்தது. கம்பெனியில் வைத்த கருப்புப் பசை, அல்வா மாதிரி அப்படியே மினுமினுத்துக்கொண்டு இருந்தது. அந்தோணி அண்ணன் வண்டியைவிட இது கூடுதலாக ஓடியிருந்தது. நான் கையில் போனை வைத்துக்கொண்டு போட்டோ எடுக்க மறந்து நின்றேன்.

கலியபெருமாள் பழக்க தோஷத்தில் பையிலிருந்து மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து அந்தப் பசையைத் துடைக்கக் குனிந்தான்.

"கைய எடு," என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். "இன்னாண்ணே? களிமண்ணு ஒட்டும்னு நீங்கதான சொல்வீங்க?"

ஆமாம். நான்தான் சொன்னேன். எங்கள் ஊர் வழக்கம் இது. வேறு எங்கும் டயர் மாற்றினால்தான் பின்சக்கரத்தைக் கழற்றுவார்கள். நாங்கள் ஒவ்வொரு சர்வீஸுக்கும் கழற்றி, பிரேக் டிரம்மில் இருக்கும் களிமண் தூளைக் காற்றடித்து ஊதுவோம். கழற்றிய கையோடு, வெளியே தெரிகிற கிரீஸை எல்லாம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவோம். செயின் வண்டிக்கு அது சரி. கிரீஸ் இருந்தால் தூள் ஒட்டும், காய்ந்திருந்தால் உதிர்ந்துவிடும். அதை இந்த ஒர்க்‌ஷாப்பில் சட்டமாக்கியவன் நான். மூடிய இடத்தில் பூட்டிக்கொள்ளும் பல்லுக்கு அந்தப் பசைதான் உயிர் என்று நான் யோசிக்கவில்லை. முதல் தடவை வந்த புதுப் பார்ட்டோடு ஒரு சின்னப் பாக்கெட்டில் பசை வந்தது. அதைத் தடவித்தான் பூட்டினோம். அடுத்த சர்வீஸிலேயே அதையும் கண்ணும் கருத்துமாகத் துடைத்து எடுத்துவிட்டோம்.

சர்வீஸுக்கு வராதவர் வண்டி நன்றாக ஓடுகிறது. தேதி தவறாமல் வந்தவர் வண்டியை நாங்களே துடைத்துத் துடைத்துத் தேய்த்திருக்கிறோம்.

4. எழுதிக் கொடுத்தது

முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பேசாமல் விடு என்றார். பழியைக் கஸ்டமர் மேல் கம்பெனி போட்டுவிட்டது, நாம் எதற்கு வலியப் போய் நம் மேல் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்பதிலும் நியாயம் இருந்தது. ஆனால் மூன்று முறை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஃபார்மில் எல்லாம் ஒர்க்‌ஷாப் வேலை சரியாகச் செய்யப்பட்டது என்று இருந்தது. அது பொய் என்று இப்போது எனக்குத் தெரியும். எழுதத்தான் போகிறேன் என்றேன்.

"எழுதிட்டு நாளைக்கு எங்கிட்ட வந்து நிக்காத," என்றார்.

எழுதினேன். எந்த சர்வீஸில் கழற்றினோம், எதனால் துடைத்தோம், இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று எல்லாம். என் பெயரைப் போட்டேன். கலியபெருமாள் பெயரைப் போடவில்லை. எங்கள் சர்வீஸ் செக்லிஸ்ட்டையும் சேர்த்து அனுப்பினேன்.

கம்பெனிக்கு அனுப்பிய அன்றைக்கே அண்ணனின் ஷெட்டுக்குப் போனேன். அவர் சூளையிலிருந்து இறக்கிய சரக்கை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து விரிசல் விட்டதைத் தனியாகப் பிரித்துக்கொண்டு இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. அடுக்கி வைத்த வரிசை முழுக்க முடித்த பிறகுதான் பேசினார்.

"அப்ப கிரீஸ் இல்லன்னு கம்பெனிக்காரன் எழுதனது நெசந்தான்."

"அது நெசந்தாண்ணே. உங்க மேல போட்டதுதான் பொய்."

"ரெண்டு மாசமா என்னையேதான் திட்டிக்கினு இருந்தேன் மாணிக்கம். எங்க வுட்டோம், எங்க வுட்டோம்னு."

மன்னிச்சிடுங்கண்ணே என்றேன். அவர் தலையை ஆட்டினார். சரி என்றா, போ என்றா, தெரியவில்லை.

அடுத்த வாரம் கம்பெனியின் ஏரியா சர்வீஸ் இன்ஜினியர் நேரில் வந்தார். சின்ன வயசுப் பெண். வந்ததும் ஸ்ப்ளைனைக் கையில் எடுத்துப் பார்த்தார், கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"சார், இது ஒர்க்‌ஷாப் தப்பு. வாரண்டியில வராது."

"எங்க தப்புதாங்க மேடம். எங்க மேலயே எழுதுங்க. கஸ்டமர் கவனக்குறைவுன்னு போட்டத மட்டும் அடிச்சிடுங்க."

பிறகு செக்லிஸ்ட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். செயின் வண்டிக்கு அடித்த அதே தாள்தான் ஷாஃப்ட் வண்டிக்கும் வந்திருந்தது. செயின் க்ளீனிங், செயின் லூப்ரிகேஷன் என்ற இரண்டு வரிகளுக்கு எதிரே பொருந்தாது என்று அச்சடித்திருந்தார்கள். ஸ்ப்ளைனுக்குப் பசை வை என்று ஒரு வரிகூட அதில் இல்லை. இந்த வரி இருந்திருந்தால் என் மரமண்டைக்கும் ஏறியிருக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பத்து நாளில் பார்ட் வந்தது. கஸ்டமர் கவனக்குறைவு என்ற வரி போர்ட்டலில் இல்லை. கம்பெனியும் முதலாளியும் தங்களுக்குள் என்ன பேசி முடித்தார்களோ, அண்ணன் தலையில் ஒன்றும் விழவில்லை. முதலாளி ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது வருகிற செக்லிஸ்ட்டில் புதிதாக ஒரு வரி இருக்கிறது: பின்சக்கரம் கழற்றினால் ஸ்ப்ளைன் பேஸ்ட் வைக்கவும்.

5. ஸ்டூல்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கிளைம் ரிஜெக்ட் ஆனால் கம்பெனியோடு சண்டை போடுங்கள், விடாதீர்கள். ஆனால் அதற்கு முன்னால், அந்த வண்டியில் உங்கள் கை எங்கெங்கே பட்டது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நன்றாகத் தெரிந்த வேலையைத்தான் முதலில் எழுத வேண்டும். எனக்குத் தெரியாத வேலையில் நான் இவ்வளவு பெரிய தப்புச் செய்ததில்லை.

புதுப் பார்ட்டைப் பூட்டிய அன்று அந்தோணி அண்ணன் வந்தார். கஸ்டமர் உட்காரும் ஏசி அறைக்குப் போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து, வண்டியை ஏற்றி நிறுத்தும் ராம்ப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நீ பூட்டு. நான் பாக்கறேன்."

பூட்டினேன். பசையைத் தடவும்போது விரலால் காட்டி, அந்த மூலையில் வைக்கவில்லை என்றார். வைத்தேன். எழுந்து சாவியை வாங்கிக்கொண்டு, போயிட்டு வரேன் என்று கிளம்பினார்.

வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. சேத்தியாத்தோப்புக் கடை மட்டும் அவருக்கு இன்னும் திரும்பவில்லை. சர்வீஸுக்கு இப்போதும் தேதி தவறாமல் எங்களிடமேதான் வருகிறார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டுப் போவதில்லை. சக்கரம் கழன்றதிலிருந்து பூட்டுகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் எனக்கு அது உறுத்தியது. இப்போது அவர் வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே நான் எழுந்து போய் ஸ்டூலை எடுத்துப் போட்டுவிடுகிறேன்.