அறுகம்பேயில் எங்களுக்கென்று ஒரு காணி

பென்சன் எடுத்தாயிற்று, இனி எங்கே இருப்பது என்று யோசித்து, இன்று நானும் மனைவியும் அறுகம்பேயில் ஒரு காணி பார்த்துவிட்டு வந்தோம்.

கல்முனைக்குடியில் நாங்கள் கட்டிய இரண்டு வீடுகளும் இரண்டு மகள்மாருக்கும் சீதனமாகப் போய்விட்டன. இப்போது இளையவள் வீட்டின் பின் அறையில் இருக்கிறோம். நன்றாகத்தான் பார்க்கிறாள். ஆனாலும் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் நான் விருந்தாளி.

காணி மனைவிக்குப் பிடித்துவிட்டது. திரும்பும் பஸ்ஸில் ஓர் அறை, சமைக்க ஒரு குசினி, வாசலில் நாங்கள் உட்கார இரண்டு கதிரை என்று மனத்துக்குள் கட்டிக்கொண்டே வந்தேன்.

காணியைப் பற்றி நாங்கள் கதைத்ததைக் கேட்டுக்கொண்டிருந்த முன் சீட்டுக்காரர் திரும்பினார். “காணி ஆருக்கு, மகளுக்கா?”

“இல்ல, எங்களுக்குத்தான்” என்றேன்.

அக்கரைப்பற்று தாண்டியதும் மனைவி மெதுவாகச் சொன்னாள். “இஞ்ச பாருங்க, அந்தக் காணி மூத்தவள்ட மகளுக்கு நல்லம். நாளைக்கு மாப்புள பாக்கக்குள்ள உதவும்.”

பேத்திக்கு இன்னும் பால்பல் விழவில்லை.

“ஓம்” என்றேன். மனத்துக்குள் இருந்த வீட்டில் மேலும் இரண்டு அறைகளைக் கூட்டினேன். கதிரைகளைப் பின்பக்கம் தூக்கிப் போட்டேன்.

ஓய்வுகாலத்துக்கு நல்ல இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சீதனமாகக் கொடுக்க முடியாத அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும்.