வெளித் தாழ்ப்பாள்

“உள்ளால போடுறதா, வெளியால போடுறதா அம்மா?” என்று கேட்டபடி புளியந்தீவு இரும்புக்கடைக்காரர் தாழ்ப்பாளை இழுத்துக் காட்டினார். அந்தக் கிறீச்சொலி என்னை எட்டு வயதில் கொண்டுபோய் விட்டது.

படுவான்கரையில் எங்களுடையதுதான் கடைசி வீடு. பின்னால் வட்டை என்கிற வயல்வெளி, வட்டை முடிந்தால் காடு. பொலிஸ் நிலையம் வாவிக்கு அக்கரையில் இருந்தது. இக்கரையில் விதானையாரான, அதாவது ஊர்த் தலைவரான, அப்பாதான் பொலிஸ். களவு மாட்டோடு பிடிபட்டவர்களை, அக்கரைக்குத் தோணி வரும்வரை எங்கள் நெல்லறையில் பூட்டிவைப்பார். அவர்களுக்கும் அம்மா சோறு போடுவார்.

ஒருநாள் மத்தியானம் அப்பா பிடித்து வந்தது என் மாமாவை, அம்மாவின் தம்பியை. அவர் ஓட்டிவந்த எருமையில் வேறொரு தாய்வழிக் குடியின் குறி சுடப்பட்டிருந்தது.

அம்மா வாசலை மறித்தார். “இது என்ட சீதன வீடு. என்ட தம்பிய இதுக்குள்ள பூட்ட ஏலாது.”

“அப்ப நானும் அவனோட உள்ள இருக்கன்,” என்று அப்பா அம்மாவை மெல்ல விலக்கினார். பிறகு மாமாவோடு தானும் நெல்லறைக்குள் போய்ச் சாக்கில் உட்கார்ந்தார்.

“மகள், வெளியால தாழ்ப்பாளப் போடு.”

போட்டேன்.

சோற்றோடு வந்த அம்மா தாழ்ப்பாளைத் திறந்தார், திரும்பப் போடவில்லை. “ஓடுறெண்டா ஓடு தம்பி,” என்றார்.

மாமா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தார். “நான் ஓடினா மச்சானெல்லோ ஜெயிலுக்குள்ள போவாரு, அக்கா.”

தோணி வரும்வரை கதவு திறந்தே கிடந்தது. பிறகு இருவரும் ஒன்றாகவே துறைக்கு நடந்தார்கள்.

கடைக்காரர் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தார்.

“உள்ளால போடுறதத் தாங்க தம்பி,” என்றேன். வெளித் தாழ்ப்பாளை இந்தக் கை ஒருமுறை போட்டது போதும்.