ஏவாளின் இடுப்பெலும்பு

அறுபதுகளின் கடைசியில், பிரசவ ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கிடந்த எனக்கு வலியைவிடப் பயம்தான் அதிகம். முதல் பிள்ளை ராயபுரம் கல்மண்டபத்தில் இருந்த எங்கள் வீட்டிலேயே வெளிவர வழியில்லாமல் சிக்கி இறந்து பிறந்தது. என் பாவம்தான் அதைக் கொன்றது என்று நம்பியிருந்தேன். இப்போது இரண்டாவதும் சிக்கிக்கொண்டது.

"ஏவா பண்ண பாவத்த நம்ம தலைல கட்டிட்டாரு ஆண்டவரு. இன்னா பண்றது, பொறுத்துக்கோ கண்ணு," என்று மாமியார் ஜெபமாலையை உருட்டினார்.

"தெருவுல கீற ஆடுகூடத்தான் முக்கி முனகிகினு குட்டி போடுது. அது எந்தப் பழத்தத் துன்னுச்சு அத்தே?" என்று கத்தினேன். நர்ஸ் சிரித்துவிட்டார்.

சிசேரியன் (வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் அறுவை) செய்தார்கள். மயக்கம் தெளிந்தபோது என் மகள் வீறிட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

கட்டுப் பிரிக்க வந்த டாக்டரம்மாவிடம் என் பாவத்தைப் பற்றிக் கேட்டேன்.

"பாவமா? நாலு கால்ல நடந்த உயிர் நிமிர்ந்து நின்னப்போ பெல்விஸ் (இடுப்பெலும்புக் கூடு) குறுகிப்போச்சு. அப்புறம் மூளை வளர்ந்து குழந்தை தலை பெருசாச்சு. லட்சக்கணக்கான வருஷத்துக் கதைம்மா. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் குறுகல், அவ்வளவுதான்."

முதல் பிள்ளைக்காகக் குற்ற உணர்வில்லாமல் அன்றுதான் அழுதேன். ஆனால் வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

பிள்ளை பெற்றவள் மெழுகுவர்த்தியோடு மாதா கோயில் வாசலில் முழந்தாளிடுவாள். பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்து உள்ளே அழைத்துப்போவார். அது எங்கள் வழக்கம். முதல் பிரசவத்துக்குப் பின் நான் போகவில்லை. என்னத்துக்கு நன்றி சொல்வது? இம்முறை போனேன்.

"முட்டி போட முடியல சாமி, தையல் இழுக்குது. இடுப்ப அகலமா வெச்சே படைச்சிருக்கக் கூடாதா ஆண்டவரு?"

சாமியார் ராயபுரத்துப் பிள்ளை. எங்கள் பேச்சிலேயே சொன்னார்.

"எனுக்குத் தெர்லம்மா. ஆனா அவரு எல்லாத்தையும் செஞ்சி முடிச்சிட்டுக் குந்திகினு வேடிக்க பாக்கல. உலகம் இன்னும் பொறந்துகினு கீது. அந்த வலியில அவரும் கூடவே கீறாரு. இது பாவம் கழுவுற மந்திரம் இல்ல, நன்றி. நின்னுகினே சொல்லு."

இதே தையலோடு இதைப் படிக்கும் சகோதரி, எனக்கு முழுப் பதில் கிடைக்கவில்லை. ஏன் இவ்வளவு வலியோடு, இவ்வளவு மெதுவாக என்று இப்போதும் ஆண்டவரிடம் சண்டை பிடிக்கிறேன். ஆனால் தழும்பைத் தடவும்போது, இந்த உடம்பு என் வயதுடையது மட்டுமல்ல என்று தெரிகிறது. எத்தனையோ தாய்மார் இதே குறுகலான வழியில் பெற்று, சிலர் பிழைத்து, சிலர் பிழைக்காமல், என்வரை கொண்டுவந்து சேர்த்த உடம்பு.

அன்று மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வாசலில் நிமிர்ந்து நின்றே நன்றி சொன்னேன். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து.