இரண்டு குழலுக்கு ஒரு ஸ்கோப்

ஸ்காபறோவில் கார்க் கதவுக்குள் போகிற பிளாஸ்டிக் துண்டுகள் செய்கிற பக்ரறி ஒன்றில் வேலை செய்தேன். அங்கே இருந்த வெள்ளைக்காரர் சிலர் நவம்பரில் ஒரு கிழமை லீவு எடுத்து மான் வேட்டைக்குப் போவார்கள். ரொறன்ரோவுக்கு வடக்கே, காட்டுக்குள் ஒரு மரவீடு. அது ஒரு பெரியவருடையது. எங்கள் லைனில் மேற்பார்வை பார்த்து ஓய்வு எடுத்தவர். வேட்டையில் அவர் சொன்னதுதான் சட்டம்.

நான் முதலில் அவர்களோடு போனது சுடுவதற்கு இல்லை. கத்துவதற்கு.

மான் வேட்டையில் இரண்டு வகை ஆட்கள். சிலர் துவக்கோடு அங்கங்கே அசையாமல் இருப்பார்கள். மற்றவர்கள் காட்டின் மறுபக்கத்தால் கத்திக்கொண்டு நடந்து மானை அவர்கள் பக்கம் கலைப்பார்கள். புது ஆள் நடக்க வேண்டும். நான் நாலு வருடம் நடந்தேன். சேறு, முள், முழங்கால் வரை தண்ணீர். இங்கிலிசில் என்ன கத்துவது என்று தெரியாது. தமிழில் கத்தினேன். மானுக்கு விளங்கியது.

இரவுச் சாப்பாட்டில், துவக்கோடு இருந்தவன் கதை சொல்லுவான். எங்கே வந்தது, எப்படித் திரும்பியது, எங்கே பட்டது. நடந்தவனிடம் ஒருத்தரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நான் கோப்பை கழுவுவேன்.

எனக்கு ஒரு இடத்தில் இருக்க வேண்டும். துவக்கோடு, என்ரை இடம் என்று ஒன்றில். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பின்னேர வகுப்புக்குப் போய் லைசென்ஸ் எடுத்தேன். எடுத்த அடுத்த மாரியில் மல்வேர்ன் பஸ் தரிப்பில் விழுந்தேன். காலை ஷிப்டுக்குப் போகிற நேரம். ஐஸ் தெரியவில்லை. வலது மணிக்கட்டு உடைந்தது. தகடு வைத்துப் பூட்டினார்கள். எலும்பு பொருந்தியது. ஆனால் கை திரும்பாது. முன்னால் போகும், பின்னால் வரும். கதவுக் குமிழைத் திருப்ப இடது கை வேண்டும்.

வேட்டைத் துவக்கில் ஒரு வெடி வைத்த பிறகு அடுத்த ரவையை ஏற்ற போல்ட் என்கிற இரும்புத் தண்டின் கைப்பிடியை மேலே தூக்க வேண்டும். பின்னால் இழுக்க வேண்டும். முன்னால் தள்ளி, திரும்பக் கீழே மடக்க வேண்டும். தூக்கிறதும் மடக்கிறதும் மணிக்கட்டு வேலை. அது என்னிடம் இல்லை.

பெரியவரிடம் ஒரு விதி இருந்தது. வேட்டை தொடங்க முதல்நாள் ஒரு கடதாசித் தட்டைத் தூரத்தில் அறைவார். துவக்கைத் தோளில் இருந்து இறக்காமல் இரண்டு வெடி. இரண்டும் தட்டில் பட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருடம் துவக்கோடு இருக்க முடியாது. காயப்பட்ட மான் ஓடக் கூடாது என்பார். இரண்டாவது வெடி கெதியாக வராதவன் முதலாவதை வைக்கக் கூடாது என்பார். சரிதான்.

இரவல் துவக்கோடு போனேன். முதலாவது தட்டில் பட்டது. இரண்டாவதுக்குத் துவக்கை இறக்கி, இடது கையால் போல்டைத் தூக்கினேன். இடது தோளில் வைத்துச் சுடலாம் என்றால் இடது கண் எனக்கு மங்கல்.

"நீ நடக்கலாம்" என்றார் பெரியவர். கோபமில்லாமல் சொன்னார். அது இன்னும் வலித்தது.

மனைவியின் தம்பி மில்லிக்கனில் வீடு வாங்கி இருந்தவன். சாமான் ஏற்றுகிற வான் ஓட்டுகிற வேலை. என்னைப் பார்த்து அவனுக்கும் வேட்டை ஆசை வந்து, வேறு ஆட்களோடு ஒக்டோபரில் மூஸ் வேட்டைக்குப் போகத் தொடங்கியிருந்தான். மூஸ் என்றால் மாட்டை விடப் பெரிய மான். அவன்தான் கேள்விப்பட்டு வந்தான்.

"அத்தான், திருப்பத் தேவையில்லையாம். நேரை இழுத்து நேரைத் தள்ளுற துவக்கு இருக்குதாம்."

"ஆர் சொன்னது?"

"கடைக்காரன். வாங்கோ, சனிக்கிழமை போவம்."

நகரின் கிழக்கில் ஒரு நிலவறைக் கடை. கடைக்காரர் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டும் நேரே இழுக்கிறவை. ஒன்று பழைய சுவிஸ் ஆமித் துவக்கு, அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்தது. மற்றது புது ஜேர்மன்.

"ஆமித் துவக்கோ?" என்றான் மச்சான். "அக்கா உங்களையும் கலைப்பா, என்னையும் கலைப்பா."

சுவிஸை எடுத்தேன். நீளம். பாரம். நல்ல மரம். கைப்பிடியை இழுத்தேன். வந்தது. திருப்பாமல் வந்தது. ஆனால் கடைக்காரர் நேர்மையான ஆள். வெறும் துவக்கு இப்படித்தான் வரும், சுட்ட பிறகு ரவையின் வெறுங்கோது உள்ளே பிடித்துக்கொண்டால் பலமாக வெட்டி இழுக்க வேண்டும் என்றார். பின்னால் ஒரு வளையம். துவக்கு தவறி வெடிக்காமல் பூட்டவும் திறக்கவும் அதை இழுத்துத் திருப்ப வேண்டும். அங்கேயும் திருப்பல். குழலும் ஒன்றுதான். மாற்ற முடியாது.

ஜேர்மனை எடுத்தேன். கட்டை. இலேசு. இரண்டு விரலால் இழுத்தேன். பின்னால், முன்னால். முடிந்தது. தோளில் வைத்து இழுத்தேன். கன்னம் மரத்தை விட்டு எழும்பவில்லை.

அதிலும் ஒரு கரைச்சல் இருந்தது. பின்னால் ஒரு தள்ளி. சுடுவதற்கு முன் அதைப் பெருவிரலால் மேலே தள்ளினால்தான் உள்ளே இருக்கிற சுருள்வில் ஏறும். தள்ளாவிட்டால் துவக்கு சும்மா. நடக்கும்போது பயமில்லை. ஆனால் வில் இறுக்கம். பலர் இதற்காகவே திருப்பிக் கொண்டுவந்து தருகிறார்கள் என்றார் கடைக்காரர். மச்சான் தள்ளினான். பாதியில் நின்றது. மற்ற விரலையும் வைத்துத் தள்ளினான்.

நான் பக்ரறியில் நாள் முழுக்கக் கிளிப் அமத்துகிறவன். பெருவிரலால்தான். ஒரே தள்ளில் ஏறியது. கடைக்காரர் என் விரலைப் பார்த்தார்.

பிறகு அவர் ஒரு சாவியால் கீழே இரண்டு ஆணியைத் தளர்த்தி, குழலைத் தூக்கி எடுத்தார். வேறு ஒரு குழலை வைத்தார். மானுக்குச் சின்ன ரவைக் குழல். மூஸுக்குப் பெரிய ரவைக் குழல். கீழே இருக்கிற மரக் கட்டை ஒன்றுதான். பெரிய ரவைக்கு போல்டின் தலையையும் மாற்ற வேண்டும், அதுவும் கையால் கழட்டலாம்.

மச்சான் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். தனி ஆளாக வாங்கக் கூடிய விலை இல்லை அது. பாதிப் பாதி போடலாம். மூஸ் ஒக்டோபர். மான் நவம்பர். ஒரு துவக்கு, இரண்டு குழல், இரண்டு வேட்டை.

ஸ்கோப் என்றால் குறி பார்க்கிற கண்ணாடி. இந்தத் துவக்கில் அது குழலின் மேலே கொளுவும். குழலுக்கு ஒன்றாக இரண்டு ஸ்கோப் எடுங்கள் என்றார் கடைக்காரர்.

"விக்கிறவன் உப்பிடித்தான் சொல்லுவான்" என்றான் மச்சான் தமிழில். "ஒண்டு காணும் அத்தான். கழட்டிக் கழட்டிக் கொளுவுவம்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வீட்டில் மனைவி கதவடியில் நின்றாள்.

"துவக்கு உள்ளுக்கை வராது."

"வேட்டைக்குத்தான்."

"என்னத்துக்கு எண்டு நான் கேக்கேல்லை. ஊரிலை துவக்கு வந்த வீட்டிலை என்ன மிஞ்சினது?"

பெட்டியைத் திறந்து குழலைக் கழட்டி மச்சானிடம் கொடுத்தேன். போல்டையும் கொடுத்தேன். மிச்சத்தை அவளிடம் நீட்டினேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"இப்ப இது சுடுமோ?"

"சுடாது."

"அப்ப இது என்ன?"

"கட்டை."

"கட்டை இஞ்சை இருக்கட்டும். மிச்சம் எல்லாம் தம்பி வீட்டை. பூட்டிப்போட்டு இரு தம்பி. திறப்பை எனக்குத் தா."

"அக்கா, திறப்பையுமோ?"

"திறப்பைத்தான்."

அப்படியே இருந்தது. கட்டை மல்வேர்னில், குழலும் போல்டும் மில்லிக்கனில். கோடையில் நகருக்கு வெளியே ஒரு சூட்டுத் திடலில் இரண்டையும் பொருத்தி, சின்னக் குழலில் பழகினேன். ஸ்கோப்பின் குமிழைத் திருப்பி அந்தக் குழலுக்கே சரியாக்கினோம். வைத்த இடத்தில் பட்டது. ஒக்டோபரில் மச்சான் கட்டையை வாங்கிக்கொண்டு மூஸுக்குப் போனான். ஒன்றும் கிடைக்காமல் வந்தான். கட்டையைத் திருப்பித் தந்தான். நவம்பரில் அவனும் என்னோடு மானுக்கு வந்தான். துவக்கு ஒன்றுதான் என்பதால் நடக்க வந்தான்.

மரவீட்டுக்குப் பின்னால் தட்டு அறைந்திருந்தது. எல்லோரும் கோப்பிக் கப்போடு வந்து நின்றார்கள். என் துவக்கைப் பார்த்து ஒருவர் தையல் மெசினா என்று கேட்டார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெருவிரலால் தள்ளினேன். முதல் வெடி. இழுத்தேன், தள்ளினேன். இரண்டாவது வெடி. இரண்டுக்கும் நடுவில் துவக்கு தோளை விட்டு அசையவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு என் வலது கை ஒரு வேலையைத் தானாகச் செய்தது.

பெரியவர் தொலைநோக்கியால் பார்த்தார். தட்டு வெள்ளையாக இருந்தது. ஒரு ஓட்டையும் இல்லை.

எல்லோரும் கோப்பியைக் குடித்தார்கள். கையால் சுட முடியும், கண்ணால் முடியவில்லை என்று நினைத்திருப்பார்கள். எனக்கே ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. இனி எத்தனை வருடம் போனாலும் நடக்கிற ஆள்தான்.

மச்சான் என் பக்கத்தில் வந்தான்.

"அத்தான். நான் உதைத் திருப்பினனான்."

"எதை?"

"ஸ்கோப்பை. மூஸுக் குழலிலை போட்டாப் போலை அங்காலை இங்காலை பட்டது. அந்தக் குழலுக்குச் சரியாத் திருப்பினன். பிறகு பழையபடி விடேல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"கழட்டிக் கொளுவினாச் சரி எண்டு நினைச்சன்."

நானும் அப்படித்தானே நினைத்தேன்.

"போய்ப் பெரியவரிட்டைச் சொல்லு" என்றேன். "எனக்கு அவ்வளவு இங்கிலிஸ் வராது."

அவன் போய்ச் சொன்னான். கையால் காட்டிக் காட்டிச் சொன்னான். பெரியவர் கேட்டுக்கொண்டே தட்டடிக்கு நடந்தார். தட்டுக்குப் பின்னால் பெரிய பலகை ஒன்று நின்றது. குனிந்து அதன் கீழ் மூலையைப் பார்த்தார். எங்களைக் கூப்பிட்டார்.

பலகையில் இரண்டு ஓட்டை. ஒன்றோடு ஒன்று ஒட்டி. அவர் தன் பெருவிரலை வைத்தார். இரண்டும் மறைந்தன.

"ஸ்கோப்பைத் திருத்து" என்றார். "பிறகு இன்னும் இரண்டு."

மச்சான் குமிழைத் திருப்பினான். எந்தப் பக்கம் என்று தடுமாறினான். நான் வாங்கி நானே திருப்பினேன், இடது கையால். ஒரு வெடி வைத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் திருப்பினேன். பெரியவர் புதுத் தட்டு அறைந்தார். இப்போது ஒருவரும் கோப்பி குடிக்கவில்லை.

இரண்டு வெடி. இரண்டும் தட்டில். ஒன்று நடுவில், மற்றது அதற்கு இரண்டு விரல் மேலே.

"நாளைக்கு நீ ஓடைக் கல்லில் இரு" என்றார் பெரியவர். தையல் மெசின் என்றவர் வந்து போல்டை இழுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கொடுத்தேன். இழுத்தார், தள்ளினார், திரும்ப இழுத்தார். தர மனமில்லாமல் தந்தார்.

ஓடைக் கல் தூரத்து இடம். அங்கே மான் வருவது குறைவு. எனக்கு அது போதும். விடிய முன்னம் போய் இருந்தேன். குளிர் கல்லுக்குள்ளால் ஏறியது. காது மட்டும் வேலை செய்தது.

வெகு நேரம் கழித்துக் காட்டின் அடுத்த பக்கத்தில் மச்சானின் சத்தம் கேட்டது.

"ஓடு, ஓடு. அங்காலை ஓடு. அத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறார். நில்லாதை, ஓடு."

சிரிப்பு வந்தது. அடக்கினேன். அப்போதுதான் ஓடைக்கு அந்தப் பக்கம் மரம் அசைந்தது. கொம்பன் மான். ஓடவில்லை. தண்ணீரைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தது. பெருவிரல் தள்ளியது. வெடி வைத்தேன்.

ஒரு கிளை முறிந்து விழுந்தது. நான் சுட்ட சன்னம் அதில் பட்டு விலகிப் போய்விட்டது. மான் திரும்பி ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. இரண்டாவது பாய்ச்சலுக்கு அது எழும்பும்போது என் கை இழுத்துத் தள்ளி முடித்திருந்தது. கண் ஸ்கோப்பிலேயே இருந்தது. வெடி வைத்தேன். தண்ணீர்க் கரையில் விழுந்தது. அதற்குப் பிறகு அசையவில்லை.

நான் அந்தக் கல்லில் எழும்பி நின்றேன். கத்தவில்லை. கத்துவதற்கு வேறு ஆள் இருந்தான்.

மச்சான் முள்ளுக்குள்ளால் ஓடி வந்தான். சப்பாத்து ஒன்று சேற்றோடு போயிருந்தது.

"ரெண்டு வெடி கேட்டது."

"ஓம்."

"முதலாவது எங்கை?"

முறிந்த கிளையைக் காட்டினேன். போய்ப் பார்த்தான்.

"மரமும் செத்திட்டுது அத்தான். ரெண்டு வெடி, ரெண்டு சாமான்."

பெரியவர் பின்னால் வந்தார். மானைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பட்ட இடத்தைப் பார்த்தார். என் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். கை திரும்பாது என்று அவருக்குத் தெரியும். நேராகப் பிடித்து நேராகக் குலுக்கினார்.

"இந்தக் கல் இனி உன்னுடையது" என்றார். "ஒவ்வொரு வருடமும் தட்டு அடிக்க வேண்டும். ஆனால் கல் உன்னுடையது."

அன்றிரவு சாப்பாட்டில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கதை கேட்கிற நேரம். எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன். வந்தது. சுட்டேன். படவில்லை. திரும்பச் சுட்டேன். விழுந்தது. இன்னும் ஏதும் வரும் என்று பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வரவில்லை. பெரியவர் மேசையில் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். கோப்பைகள் துள்ளின.

மச்சான் பக்கத்தில் இருந்து, முதல் வேலையாக இன்னொரு ஸ்கோப் வாங்க வேண்டும் என்றான். கடைக்காரன் சொன்னபோதே தனக்கு விளங்கியதாம்.

அடுத்த நாளும் இருட்டோடு எழும்பினோம். பெரியவர் ஆட்களுக்கு இடம் சொல்லிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போனார். நான் துவக்கை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தேன்.