கல்லுப்புக் கடல்

போன வாரம் ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறை. மூலையில் மீன்தொட்டி. அதன் காற்று மோட்டார் உர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது, வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுவதைப் போல. என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவன் உள்ளே போகாமல் தெருவுக்கு வந்துவிட்டேன். பல்வலி கூடவே வந்தது.

அதே முனகல் எங்கள் அஸ்தினாபுரம் வீட்டில் ஒரு மாதம் கேட்டது. தொண்ணூறுகளின் நடுவில். மாடிப் போர்ஷன். குழாயில் வரும் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அவள், என் மனைவி, குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் விலங்கியல் டீச்சர். கல்யாணத்துக்கு முன்னால், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் கடல் உயிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தவள். எனக்காகப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். எனக்காக என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு அப்படி ஒரு சொல் எனக்குத் தோன்றவே இல்லை.

கல்யாணமான மூன்றாவது வருடம் மண்டபத்திலிருந்து, அவளுடைய பழைய பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. இடம் ஒன்று காலி, வருகிறாயா. நாலைந்து நாள் அந்தக் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். பிறகு ஒரு காலையில், இட்லி மாவைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்:

"இங்கேயே ஒரு கடல் தொட்டி வெச்சுப் பாக்கறேங்க. ஒரு கடல் சாமந்தி இந்த வீட்ல உயிரோட நின்னுடுச்சுன்னா போதும், நான் போகலை."

கடல் சாமந்தி பூவல்ல. பூவைப் போல விரல்களை விரித்து உட்கார்ந்திருக்கும் உயிர்.

உப்பு வாங்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். அதில் கரைக்க எந்தப் பாக்கெட் உப்பு என்று தாளில் எழுதிக் கொடுத்தாள். சனிக்கிழமை, மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம், மீன் கடை.

"இன்னா சார், பவளத் தொட்டியா? நம்ம ஏரியால யாரும் வெக்கலியே! இந்தா, பாரின் பாக்கெட்டு. ஒண்ணே ஒண்ணுதான் கீது."

"உள்ள என்ன இருக்கு?"

"உப்பு தான் சார். வெறும் உப்பு இல்ல, கால்சியம், மெக்னீசியம், இன்னா இன்னாவோ கலந்துகீறான்."

"பக்கத்துல கோவளத்துல கடல வெச்சுக்கிட்டு, எவனோ வெள்ளைக்காரன்கிட்டப் போய் உப்பு வாங்கணுமா?"

"அப்ப நீ கோவளம் போய்க் கொடத்துல மொண்டுகினு வா சார். சாம்பாருக்குப் போடற உப்ப வூட்டுத் தொட்டில கொட்டிட்டு, அப்பால எங்கைல வந்து பேஜார் பண்ணாத."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான். விலையல்ல, சத்தியமாக விலையல்ல. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய் நாலு கிலோ கல்லுப்பு வாங்கினேன். கோவளம் உப்பளத்தில் விளைந்தது என்றார் மளிகைக்காரர். கடலிலிருந்து வந்தது, தண்ணீரில் போட்டால் திரும்பவும் கடலாகிவிடாதா?

அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது கரைத்து ஊற்றினேன். உப்பின் அளவு காட்டும் கண்ணாடி மிதவை, அவள் குறித்திருந்த கோட்டில் அசையாமல் நின்றது. கடல் என்றது கருவி. எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

"பாக்கெட் எங்கேங்க?" என்றாள் வந்ததும்.

"கொட்டினதும் குப்பையில போட்டுட்டேன்."

இவ்வளவுதான் பொய். ஒரே வரி.

மூன்று வாரம் தொட்டி வெறும் தண்ணீரும் கல்லுமாக ஓடியது. அவள் மண்டபம் போய், தெர்மகோல் பெட்டியில், காற்றடைத்த பாலிதீன் பைக்குள் கடல் சாமந்தியைக் கொண்டுவந்தாள். ரயிலில் இரவெல்லாம் மடியிலேயே வைத்திருந்தாளாம். தொட்டியில் இறக்கியபோது அவள் உதடுகள் அசைந்தன. அதனிடம் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை.

அது விரியவே இல்லை. முதல் நாள் சுருங்கியது. இரண்டாம் நாள் கல்லைவிட்டுக் கழன்றது. மூன்றாம் நாள் வெளுத்தது. மிதவை மட்டும் சரியான கோட்டிலேயே நின்றது. அவள் சூட்டைப் பார்த்தாள், வெளிச்சத்தை மாற்றினாள், பழைய நோட்டுகளைப் பிரித்துத் தரையில் பரப்பினாள். உப்பைச் சந்தேகிக்கவில்லை. உப்பை நான் அல்லவா வாங்கிவந்தேன்!

நாலாம் நாள் வீடு முழுக்க அழுகல் நாற்றம். இரண்டு கைகளாலும் அள்ளி எடுத்தாள். சளியைப் போல விரலிடுக்கில் வழிந்தது.

"என் கை மறந்துபோச்சு," என்றாள். "ஒரு சாமந்தியக் காப்பாத்தத் தெரியல. அங்க போய் மட்டும் என்னத்தக் கிழிச்சிடப் போறேன்?"

மறுநாள் பேராசிரியருக்கு எழுதினாள். வரவில்லை, மன்னிக்கவும். உறையை ஒட்டி என்னிடம் கொடுத்தாள். போகிற வழியில் போட்டுடுங்க.

தெருமுனைத் தபால் பெட்டி. உறை பாதி உள்ளே, பாதி என் விரலில். விட்டிருந்தால் போதும். அவள் என்னோடு இருந்திருப்பாள். தொட்டியில் துளசி வைத்திருப்போம், பிள்ளைகள் பிறந்திருப்பார்கள், தனக்குக் கைவராத ஒன்றைப் பற்றி அவள் பேசாமலே வயதாகியிருப்பாள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. விரல் விடவில்லை. அது நல்ல குணமா, வெறும் பயமா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

திரும்பி வந்து சொன்னேன். கல்லுப்பு என்று.

அவள் கத்தவில்லை. பாடம் நடத்தும் குரலில் சொன்னாள்: உப்பளத்தில் கடல் காயும்போது சுண்ணாம்புச் சத்து முதலில் அடியில் படிந்துவிடும். உப்பு விளைந்ததும் மிச்சமிருக்கும் கசப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள். மெக்னீசியமெல்லாம் அந்தக் கசப்போடு போய்விடும். சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. தப்பு தன் கையில் இல்லை. அந்தத் தெளிச்சலை நான் அவ்வளவு அருகில் பார்த்தேன். அவள் போய்விடுவாள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

தாம்பரம் ஸ்டேஷன், சாயங்காலம், ராமேஸ்வரம் வண்டி. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பிளாட்பாரத்தில்.

"ஒரு தப்பு பண்ணிட்டேன். அதுக்காகவா?" என்றேன்.

"உப்பு யாருக்கும் தப்பிப்போகும். நானே ஆரம்பத்துல தப்பாக் கரைச்சிருக்கேன்." கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள். "நாலு நாளு நான் என்னையே திட்டிக்கிட்டு உட்காந்திருந்தேன். நீங்க டீ போட்டுக் கொண்டுவந்து குடுத்து, பக்கத்துல உட்காந்து, 'பரவாயில்லம்மா'ன்னு சொன்னீங்க. அதத்தாங்க என்னால... சரி, கைய எடுங்க. வண்டி நகருது."